‘குட் ஒர்க்’ வேண்டாம் பாஸ்... ஒரு கேள்வி கேளுங்க!

சிம்போசியத்தில் போஸ்டர் வெச்ச அனுபவம் உண்டா உங்களுக்கு? மூணு ராத்திரி கண் முழிச்சு, பிரின்ட் கடை அண்ணன்கிட்ட “இன்னும் ஒரே ஒரு கரெக்‌ஷன்ணே” என்று கெஞ்சி, சுருட்டின ஃப்ளெக்ஸை டவுன் பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி மடியில் வெச்சுக் கொண்டுபோய் மாட்டியிருப்பீங்க. முதல் ஆள் உங்களைப் பார்த்து நடந்து வருவார். நீங்க நெஞ்சை நிமிர்த்தி, மனப்பாடம் பண்ணின முதல் வரியை வாய்க்குள்ள ஓட்டிப் பார்ப்பீங்க. அவர் கேட்பார்: “சாப்பாட்டு கவுன்ட்டர் எந்தப் பக்கம்?”

இந்தச் சோகம் நம்ம இன்ஜினீயரிங் பசங்களுக்கு மட்டும்தான் என்று நினைச்சுட்டு இருந்தேன். இல்லவே இல்லை. ஸ்டெத்தஸ்கோப் மாட்டினவங்களுக்கும் இதே கதைதான். போன வருஷம் ஒரு மெடிக்கல் கான்ஃபரன்ஸில் ரெண்டு நாள் ஒரு போஸ்டருக்குக் காவல் நின்ன அனுபவத்தில் சொல்றேன்.

நான் ஈ.சி.இ. மூணாம் வருஷம். எனக்கும் டாக்டர்கள் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? பெரியம்மா பொண்ணுதான் சம்பந்தம். அக்கா ரேடியாலஜி பி.ஜி. படிக்கிறாள். அதாவது எக்ஸ்-ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்து ரிப்போர்ட் எழுதுற டாக்டர் படிப்பு. ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணினாள். “ஏய், நீ இன்ஜினீயர்தானடி? எனக்கு ஒரு போஸ்டரையாவது ஒழுங்கா டிசைன் பண்ணிக் குடு.” நாலு வருஷப் படிப்புக்கு இதைவிட என்ன மரியாதை வேணும்! பண்ணிக் குடுத்தேன். அடுத்த போன்: “கான்ஃபரன்ஸுக்கும் வாடி. நான் செஷனுக்குப் போறப்ப போஸ்டர் பக்கத்துல நில்லு. யார் என்ன கேட்டாலும் எழுதி வை.”

“எனக்கு ஒண்ணும் புரியாதேக்கா?”

“புரியணும்னு யார் சொன்னா? எழுதி வை.”

ஊர் பேர், கான்ஃபரன்ஸ் பேர் எல்லாம் வேண்டாமே. எங்கே நடந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

கட்டைவிரலைத் தூக்குங்க!

அக்கா வெச்சது ‘எஜுகேஷனல் எக்ஸிபிட்’ வகை போஸ்டர். ‘நான் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சேன்’ என்று சொல்ற ஆராய்ச்சி போஸ்டர் வேற. ‘எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய ஒண்ணை நல்லா சொல்லித் தர்றேன்’ என்கிறது எஜுகேஷனல் எக்ஸிபிட். அக்காவோட தலைப்பு, எமர்ஜென்சி எக்ஸ்-ரேயில் கண்ணுக்குத் தப்பிப் போகிற எலும்பு முறிவுகள்.

அதில் ஹீரோ ஒரு குட்டி எலும்பு. உங்ககிட்டயும் இருக்கு. கட்டைவிரலை நல்லா விறைப்பா மேலே தூக்கி, கையை விட்டு விரிச்சு வையுங்க. மணிக்கட்டுப் பக்கத்தில், கட்டைவிரலோட அடியில் ரெண்டு நரம்பு மாதிரி எழும்பி நடுவில் ஒரு சின்னக் குழி விழுதா? அதுக்கு அடியில் முந்திரிப்பருப்பு வடிவத்தில் ஒரு எலும்பு இருக்கு. பேர் ஸ்காஃபாய்டு.

பைக்கில் இருந்து விழறப்ப நாம என்ன செய்வோம்? யோசிக்காம உள்ளங்கையைத் தரையில் ஊன்றுவோம். அடி நேரா இந்த முந்திரிக்குப் போகும். விரிசல் விட்டா கையில் பெரிசா வீக்கம், கோணல் எல்லாம் இல்லாமலும் இருக்கலாம். அதைவிட மோசம், முதல் நாள் எக்ஸ்-ரேயில் சில சமயம் விரிசல் தெரியவே தெரியாது. “எலும்புக்கு ஒண்ணும் இல்லை, சுளுக்குதான்” என்று கிரேப் பேண்டேஜைச் சுத்தி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நாமளும் ரெண்டு நாள் எண்ணெய் தேய்ச்சு உருவிவிட்டு மறுபடி ஆக்ஸிலரேட்டரைத் திருக ஆரம்பிச்சிடுவோம்.

இங்கதான் சிக்கல். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையில் நுழைஞ்சு, பின்னோக்கி மணிக்கட்டுப் பக்கம் வருது. நம்ம பாஷையில் சொன்னா, வீட்டுக்கு ஒரே ஒரு கரன்ட் லைன், அதுவும் கொல்லைப்புறமா வர்றது. நடுவில் எலும்பு உடைஞ்சா லைன் கட். அந்தப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் போகாம எலும்பே செத்துப்போக வாய்ப்பு இருக்கு. அப்புறம் வாழ்க்கை முழுக்க மணிக்கட்டு வலி. இருபது வயசுப் பையன், வலது கை... யோசிச்சுப் பாருங்க.

“படிச்ச டாக்டர்கள் எப்படிக்கா இதை விடுவாங்க?” என்று கேட்டேன். அக்கா ஒரு குரங்குக் கதை சொன்னாள். கதை இல்லை, நிஜம். 2013-ல் வெளியான ஆய்வு. டிராஃப்டன் ட்ரூ என்கிற அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளரும் நண்பர்களும், நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களுக்குள்ள ஒரு கொரில்லா படத்தை ஒளிச்சு வெச்சாங்க. 24 ரேடியாலஜிஸ்ட்டுகள்கிட்ட கொடுத்து, புற்றுநோய்க் கட்டி மாதிரி இருக்கிற சின்னச் சின்ன முடிச்சுகளைத் தேடச் சொன்னாங்க. தேடின முடிச்சைவிட கொரில்லா சராசரியா 48 மடங்கு பெரிசு. ஆனா 24 பேரில் 20 பேர் அதைப் பார்க்கவே இல்லை! அவங்க திறமை இல்லாதவங்க இல்லை. எதைத் தேடணும் என்று மனசு முடிவு பண்ணிடுச்சோ, அதை மட்டும்தான் கண்ணு காட்டும்.

அதனால்தான் இந்த மாதிரி எக்ஸிபிட். ‘இங்கேயும் ஒரு தடவை பாருங்க’ என்று இன்னொரு டாக்டரோட கண்ணுக்குப் பழக்கம் பண்ணிவிடறதுதான் அதோட வேலை. அந்த வேலையை போஸ்டர் செஞ்சுதா, இல்லையா? அதை எப்படித் தெரிஞ்சுக்கறது? ரெண்டு நாளும் என் மண்டையைக் குடைஞ்ச கேள்வி இதுதான்.

முதல் நாள் கணக்கு

என் நோட்டில் முதல் நாள் சாயங்காலம் இருந்த கணக்கு அப்படியே இங்கே:

‘லஞ்ச் எங்கே?’ – 6. ‘சார்ஜர் பாயின்ட் இருக்கா?’ – 2. நிக்காமலே செல்போனில் போட்டோ எடுத்தவங்க – 9. ‘குட் ஒர்க்’ – 11. கேள்வி – 0.

ஜட்ஜுகள் ரெண்டு பேர் வந்தாங்க. கையில் மார்க் ஷீட். அக்கா ரெண்டு நிமிஷம் சொல்லி முடிக்க, ஒருத்தர், “சாம்பிள் சைஸ் எவ்ளோம்மா?” என்றார். அக்கா முழிச்சாள். சொல்லித் தர்றதுக்காகப் பொறுக்கி எடுத்த பத்துப் பன்னிரண்டு எக்ஸ்-ரேக்களுக்கு ஏது சாம்பிள் சைஸ்? எட்டிப் பார்த்தேன். மார்க் ஷீட்டில் ‘புதுமை’, ‘புள்ளியியல்’, ‘முடிவுகள்’ என்று கட்டம் கட்டமா இருந்துச்சு. ‘சொல்லித் தந்தது புரிஞ்சுதா?’ என்று ஒரு கட்டம்கூட இல்லை. ஆராய்ச்சி போஸ்டருக்கு வெச்ச அளவுகோலையே இதுக்கும் வெச்சுட்டாங்க. சாம்பாரை எடுத்து வெச்சுட்டு ‘இதுல இனிப்பு எவ்ளோ?’ என்று மார்க் போட்ட மாதிரி!

சரி, ஆடியன்ஸ் ஃபீட்பேக்? அதுக்குத் தனி ஃபாரம் இருந்துச்சு. கிட் பேக்கில் பேனாவுக்கும் நோட்பேடுக்கும் நடுவில். கடைசி நாள் சர்டிஃபிகேட் கவுன்ட்டரில் அதைக் குடுத்தாத்தான் சர்டிஃபிகேட். அதனால் ஃபாரம் முழுக்க வரிசையில் நின்னுக்கிட்டே நிரப்பினது. ஒருத்தர் முதுகில் இன்னொருத்தர் ஃபாரத்தை வெச்சு 5, 5, 5, 5 என்று வட்டம் போட்டதை நானே பார்த்தேன். நம்ம காலேஜ் ஸ்டாஃப் ஃபீட்பேக்கை எப்படி நிரப்புவோம்? அதே ஸ்பீடு, அதே பக்தி!

அவங்களைக் குறை சொல்லவும் முடியலை. 2002-ல் வந்த மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளே, ஒரு டாக்டர் அஞ்சு வருஷத்துக்கு 30 மணி நேரமாவது இந்த மாதிரித் தொடர் கல்வி நிகழ்ச்சிகளில் கலந்துக்கணும் என்று சொல்லுது. பி.ஜி. மாணவர்களுக்கு இன்னொரு நெருக்கடி. 2000-ஆம் வருஷ பி.ஜி. விதிகளில், இறுதித் தேர்வு எழுதறதுக்கு முன்னால ஒரு போஸ்டர் வெச்சிருக்கணும், ஒரு பேப்பர் வாசிச்சிருக்கணும் என்று இருந்துச்சு. அதுக்கப்புறம் விதிகள் மாறினாலும் பழக்கம் மாறலை. மாட்டு, போட்டோ எடு, சர்டிஃபிகேட் வாங்கு, கிளம்பு! எங்க வரிசையில் பாதி போஸ்டர்களுக்குப் பக்கத்தில் ஆளே இல்லை. ஆள் இல்லாத கடையில் யார் டீ குடிப்பாங்க?

போஸ்டர் என்கிற ஐடியாவே இதுக்காக வந்தது இல்லையாம். 1969-ல் மாட்ரிட் நகரில் நடந்த ஐரோப்பிய உயிர்வேதியியல் மாநாட்டிலும், 1974-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் நடந்த மாநாட்டிலும் இது சூடு பிடிச்சிருக்கு. மேடையில் பேச எல்லாருக்கும் நேரம் கிடைக்காது. அதனால் சுவரில் ஒட்டிட்டுப் பக்கத்தில் நின்னா, ஆர்வம் இருக்கிறவங்க வந்து பேசிப்பாங்க என்கிறதுதான் கணக்கு. ஆக, போஸ்டர்ல காகிதம் பாதி. பேச்சு மீதி. நாம காகிதத்தை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

டாக்டர் ஃபாக்ஸ் செய்த கலாட்டா

அன்னிக்கு ராத்திரி ரூமில் நான் புலம்ப, “ஃபாரத்துல 5 வாங்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்லடி, ஒரு நடிகரே வாங்கியிருக்கார்” என்றாள் அக்கா. அது இன்னொரு சூப்பர் மேட்டர்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் கூடின ஒரு கல்விக் கூட்டம். சிறப்புப் பேச்சாளர் ‘டாக்டர் மைரன் ஃபாக்ஸ்’. தலைப்பு, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு. மனுஷன் பின்னி எடுத்தார். ஜோக், சிரிப்பு, கை வீச்சு, கேள்வி நேரத்தில் டக் டக் பதில். முடிஞ்சதும் ஃபீட்பேக் ஃபாரம் குடுத்தாங்க. பெரும்பாலானவங்க நல்ல மார்க் போட்டாங்க. அதே பேச்சோட வீடியோவை இன்னும் ரெண்டு குழுக்களுக்கும் காட்டினாங்க. மொத்தம் 55 பேர். அங்கேயும் பாராட்டு மழை. ஒருத்தர் ‘இவர் எழுதினதை முன்னாடியே படிச்சிருக்கேன்’ என்றுகூட எழுதினார்.

ஆனா அப்படி ஒரு டாக்டரே கிடையாது! அவர் மைக்கேல் ஃபாக்ஸ் என்கிற நடிகர். முன்னுக்குப் பின் முரணா, அர்த்தமே இல்லாம, ஆனா கம்பீரமாப் பேசணும் என்று பயிற்சி குடுத்து அனுப்பியிருந்தாங்க. நஃப்டுலின், வேர், டானலி என்கிற மூணு ஆராய்ச்சியாளர்கள் 1973-ல் இதை ஒரு மருத்துவக் கல்வி இதழில் வெளியிட்டாங்க. ‘டாக்டர் ஃபாக்ஸ் எஃபெக்ட்’ என்று இன்னிக்கும் இதுக்குப் பேர். கேட்டவங்க எல்லாரும் படிச்சவங்க. பிடிச்சிருந்துச்சு. அவ்ளோதான். கத்துக்கிட்டாங்களா என்கிறது வேற கேள்வி.

இந்த வித்தியாசத்தை டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1959-லேயே நாலு படியாப் பிரிச்சு வெச்சிருக்கார். ஒண்ணு, பிடிச்சுதா? ரெண்டு, கத்துக்கிட்டாங்களா? மூணு, திரும்பிப் போய் வேலையில் எதையாவது மாத்தினாங்களா? நாலு, அந்த மாற்றத்தால் ஏதாவது பலன் கிடைச்சுதா? ஃபீட்பேக் ஃபாரங்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே உட்கார்ந்து இளைப்பாறும். ‘குட் ஒர்க்’ அந்த முதல் படிகூட இல்லை. அது ‘வணக்கம்’ மாதிரி. சொல்லிட்டுப் போயிட்டே இருக்கலாம்.

செருப்பு தேஞ்ச டாக்டர்

ரெண்டாவது நாள் மதியம். எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. அக்கா ஒரு செஷனில். நான் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து, பிஸ்கட் பாக்கெட்டைச் சத்தமில்லாமப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன். ஒருத்தர் வந்தார். நாப்பது வயசு இருக்கும். சட்டைப் பையில் மூணு பேனா, தேஞ்ச செருப்பு, கழுத்தில் ஐ.டி. கார்டு திரும்பிக் கிடந்துச்சு. போஸ்டரை இடது மூலையில் ஆரம்பிச்சு வரி வரியாப் படிச்சார். படம் படமா, மூக்கு உரசுற தூரத்தில் பார்த்தார். பத்து நிமிஷம். எனக்கே கூச்சமாப் போச்சு.

“நீங்க வெச்ச போஸ்டராம்மா?”

“இல்லைங்க சார், அக்காவோடது. நான் இன்ஜினீயரிங். சும்மா நிக்கிறேன்.”

சிரிச்சார். ஒரு சின்ன ஊர் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராம். ரேடியாலஜிஸ்ட் இல்லை. வர்ற எக்ஸ்-ரேயை அவரேதான் பார்க்கணுமாம். விரலை ஒரு வரி மேல வெச்சார். ‘சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவும்.’

“அக்காகிட்ட சொல்லும்மா. ராத்திரி பத்து மணிக்கு ஒரு பையன் பைக்கில விழுந்துட்டு வர்றான். எங்கிட்ட எக்ஸ்-ரே மட்டும்தான் இருக்கு. எம்.ஆர்.ஐ.க்கு ரெண்டு மணி நேரம் பஸ்ல போகணும். அவன் கூலி வேலைக்குப் போறவன். நாளைக்கு லீவு போட்டா சம்பளம் போயிடும். இப்ப, இந்த நிமிஷம், நான் அவனுக்கு என்ன பண்றது? உங்க போஸ்டர் அதைச் சொல்லலையே.”

கோபமாச் சொல்லலை. நிஜமாத் தெரிஞ்சுக்கத்தான் கேட்டார். நான் ஒரு எழுத்து விடாம எழுதிக்கிட்டேன்.

அக்கா வந்ததும் நோட்டைக் காட்டினேன். ரெண்டு தடவை படிச்சாள். உடனே என்னைக் கடைக்குத் துரத்தி ஒரு மஞ்சள் சார்ட் பேப்பரும் மார்க்கரும் வாங்கிட்டு வரச் சொன்னாள். எழுதினாள்: ‘எம்.ஆர்.ஐ. இல்லையா? கட்டைவிரல் அடிக்குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? எக்ஸ்-ரே சரியாக இருந்தாலும் முறிவு என்றே நினைத்து அசையாமல் கட்டுப் போடுங்கள். 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்-ரே எடுங்கள். விட்டால் எலும்பு போய்விடும் என்று நோயாளிக்குச் சொல்லி அனுப்புங்கள்.’ புதுசா அவள் கண்டுபிடிச்சது இல்லை. பாடப் புத்தகத்தில் இருக்கிறதுதான். ஆனா எங்களோட பளபள போஸ்டரில் அதுக்கு இடமே இல்லாம இருந்துச்சு.

என் அழகான டிசைன் மேல செல்லோ டேப் போட்டு அந்த மஞ்சள் பேப்பரை ஒட்டினாள். கலர் மேட்சிங் சுத்தமா இல்லை. எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா ஒரு வேடிக்கை பாருங்க. அதுக்கப்புறம் வந்தவங்க நேரா அந்த மஞ்சள் பேப்பரைத்தான் படிச்சாங்க. ரெண்டு பி.ஜி.க்கள் “கட்டு போடறப்ப கட்டைவிரலைச் சேர்க்கணுமா?” என்று அக்காகிட்ட வாக்குவாதமே பண்ணினாங்க. சாயங்காலம் என் நோட்டில் கேள்வி கணக்கு – 7!

சிகாகோவில் என்ன செய்யறாங்க?

பரிசு? வரலை. முதல் பரிசு வாங்கின போஸ்டரைப் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல முடியாது, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பரிசு அறிவிச்சப்ப, ‘ஏன் இதுக்கு?’ என்று ஒரு வரிகூடச் சொல்லலை. மற்றவங்களுக்கு ஒரு குறிப்பும் கிடைக்கலை. ஜெயிச்சவங்களுக்குக் கேடயம், தோத்தவங்களுக்குத் தோராயமான கைதட்டல்!

இதுவே வேற எங்கயாவது எப்படி நடக்குது என்று வந்து தேடினேன். அக்கா சொன்ன முதல் பேர் ஆர்.எஸ்.என்.ஏ. வட அமெரிக்க ரேடியாலஜி சங்கம், 1915-ல் தொடங்கினது. வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸில் அவங்க கூட்டம் நடக்கும். அங்கே ஆராய்ச்சி தனி, எஜுகேஷன் எக்ஸிபிட் தனி. சொல்லித் தர்ற எக்ஸிபிட்டுகளுக்கு என்றே விருதுகள் இருக்கு. மேக்னா கும் லாவ்டே, கும் லாவ்டே, சர்டிஃபிகேட் ஆஃப் மெரிட். முதல் ரெண்டும் லத்தீன். ‘பெரும் பாராட்டுடன்’, ‘பாராட்டுடன்’ என்று அர்த்தம்.

எனக்குப் பிடிச்சது விருது இல்லை, அதுக்கு அடுத்த ஸ்டெப். நல்ல எக்ஸிபிட் என்று பொறுக்கினதை, ‘இதைக் கட்டுரையா எழுதி அனுப்புங்க’ என்று கேட்கிறாங்க. இதுக்காகவே 1981-ல் ‘ரேடியோகிராஃபிக்ஸ்’ என்று ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாங்க. முதல் ஆசிரியர் வில்லியம் டட்டன்ஹாம். கூட்டத்தில் சுவரோட சுவரா முடிஞ்சு போக வேண்டிய எக்ஸிபிட், துறை வல்லுநர்கள் கேள்வி கேட்டு, திருத்தி, மறுபடி கேள்வி கேட்டு, அச்சில் ஏறும். உலகம் முழுக்க ரேடியாலஜி படிக்கிறவங்க அதைப் படிக்கிறாங்க. அக்கா ஹாஸ்டல் ரூமில்கூட அதிலிருந்து எடுத்த ஜெராக்ஸ் கட்டு கிடக்கு.

ஐரோப்பாவில் இன்னொரு வழி. வியன்னாவில் நடக்கிற ஐரோப்பிய ரேடியாலஜி மாநாடு, 2003-லேயே போஸ்டர்களை எலெக்ட்ரானிக் ஆக்கிடுச்சு. ‘ஈபோஸ்’ என்று பேர். கூட்டம் முடிஞ்சதும் ஃப்ளெக்ஸைச் சுருட்டிப் பரணில் போடற கதையே இல்லை. பல வருஷத்துக்கு முந்தின போஸ்டரையும் தேடி எடுத்துப் படிக்கலாம்.

அங்கேயும் எல்லாரும் போஸ்டர் முன்னால தவம் கிடக்கிறாங்க என்று நான் சொல்லலை. ஆனா ‘நல்லா இருக்கு’ என்பதோடு நிறுத்தாம, ‘இதை இன்னும் நல்லதாக்கி நாலு பேருக்குக் கொண்டுபோவோம்’ என்று ஒரு கதவு திறந்து வெச்சிருக்காங்க. பாராட்டு என்றால் அதுதானே பாராட்டு? கேடயம் ஷோகேஸுக்குப் போகும். போஸ்டர் எங்கே போகும்?

அக்காவோட போஸ்டர் எங்கே போச்சு தெரியுமா? அந்த டியூட்டி டாக்டர் சாயங்காலம் திரும்பி வந்தார். மஞ்சள் பேப்பரைப் படிச்சுட்டு, “இதை மட்டும் ஏ4-ல ஒரு பக்கமாப் போட்டு வாட்ஸ்அப்ல அனுப்ப முடியுமா?” என்று கேட்டார். நான்தான் அன்னிக்கு ராத்திரியே டைப் பண்ணினேன், நாலே வரி, ஒரு படம். மூணு வாரம் கழிச்சு அக்காவுக்கு ஒரு போட்டோ வந்துச்சு. எக்ஸ்-ரே ரூம் சுவரில், வியூ பாக்ஸுக்குப் பக்கத்தில், லேமினேட் பண்ணி ஆணியில் தொங்குது. கீழே ஒரு வரி: ‘நைட் டியூட்டி நர்ஸ்களும் படிக்கிறாங்க.’

கிர்க்பாட்ரிக் ஐயா கணக்கில் மூணாவது படி! மார்க் ஷீட்டில் இதுக்குக் கட்டம் இல்லை என்றால், தப்பு யார் மேல?

நீங்க போஸ்டர் வெக்கறப்ப...

மெடிக்கலோ இன்ஜினீயரிங்கோ ஆர்ட்ஸோ, இந்த சீசனில் போஸ்டர் வெக்கப்போற எல்லாருக்கும் நான் கத்துக்கிட்ட அஞ்சு விஷயம்:

1. ஒரே ஒரு வரியை நடுவில் பெரிசாப் போடுங்க. 2019-ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிஹெச்.டி. பண்ணிக்கிட்டிருந்த மைக் மாரிசன் என்பவர் இதைத்தான் சொல்லி உலகம் முழுக்கப் பேச வெச்சார். முக்கிய விஷயம் நடுவில் கொட்டை எழுத்தில், விவரம் ஓரத்தில், மீதி கியூ.ஆர். கோடில். நடந்துக்கிட்டே படிக்கிறவருக்கும் ஒண்ணு கிடைச்சுடும். எங்க மஞ்சள் பேப்பர் செஞ்சதும் அதேதான்!

2. பக்கத்தில் நில்லுங்க. முடியலைன்னா தம்பி, தங்கச்சி, ரூம்மேட் யாரையாவது நிக்க வையுங்க. சப்ஜெக்ட் தெரியலைன்னா இன்னும் நல்லது. அவங்க பதில் சொல்ல மாட்டாங்க, கேட்டதை எழுதுவாங்க.

3. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீங்க. ‘நல்லாருக்கு’ என்பதைத் தவிர எவனும் எதுவும் சொல்ல மாட்டான். ‘இதுல எது புரியலை?’, ‘உங்க இடத்துல இதை யூஸ் பண்ண முடியுமா?’ என்று கேளுங்க. பதில் கொட்டும்.

4. கேட்டது சரி என்று பட்டா அங்கேயே மாத்துங்க. மார்க்கர் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கட்டும். டிசைன் கெட்டுப் போகும்தான். டிசைனர் வயிறு எரியும்தான். பரவாயில்லை.

5. ஒரு பக்க ஏ4 வெர்ஷன் கையில் வெச்சுக்குங்க. ஃப்ளெக்ஸை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாங்க. ஏ4 சுவர் ஏறும்.

ஆர்கனைசர் சீட்டில் உட்காரப்போற ஃபைனல் இயர் சீனியர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். மார்க் ஷீட்டில் ‘சொல்ல வந்தது புரிஞ்சுதா?’ என்று ஒரு கட்டம் சேருங்க. பரிசு குடுக்கறப்ப ஏன் என்று ரெண்டு வரி சொல்லுங்க. பரிசு இல்லாதவங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டில் ‘இதை இப்படி மாத்தலாம்’ என்று எழுதிக் குடுங்க. கேடயத்தைவிட செலவு கம்மி!

கடைசியா, இந்தப் பக்கத்தைப் படிச்ச உங்ககிட்ட எனக்கு 5-க்கு 5 வேண்டாம். நாளைக்கே உங்க ஹாஸ்டலில் யாராவது பைக்கில் சறுக்கி, கையைப் பிடிச்சுக்கிட்டு வரலாம். உருவிவிடத் தேடாதீங்க. கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி அந்தக் குழியில் மெதுவா ஒரு விரல் வையுங்க. “ஆ!” என்று கத்தினா உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எக்ஸ்-ரேயில் ஒண்ணும் இல்லை என்று சொன்னாலும், “ஸ்காஃபாய்டா இருக்குமா டாக்டர்? எப்ப மறுபடி வந்து காட்டணும்?” என்று கேட்டுட்டு வாங்க.